தண்ணீரைக் குறுக்கறுத்த பாதை

பரந்தன் – முல்லைத்தீவு வீதி: வன்னியின் கிழக்கு முகம்

மாசி மாதத்து வெயில் ஏறத் தொடங்கும் வேளையில் பரந்தன் சந்தியிலிருந்து கிழக்கே திரும்பி முரசுமோட்டையை நோக்கிச் செல்பவர்கள், தார்வீதியின் ஒரு பாதியை நெல்லுக்கு விட்டுக்கொடுத்து மறு பாதியிலேயே பிரயாணம் செய்ய வேண்டியிருக்கும். இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் விளைந்த காலபோக நெல் வீதியோரம் நெடுகப் பரப்பப்பட்டுக் கிடக்க, தலையில் துவாய் கட்டிய ஆண்களும், சேலைக்கு மேல் நீளக்கைச் சட்டை அணிந்த பெண்களும் காலாலும் பலகையாலும் அதைக் கிளறிக்கொண்டு நிற்பார்கள். முல்லைத்தீவு பஸ் வேகத்தைக் குறைத்து ஒதுங்கிப் போகும். கரையிலிருந்து மீன் ஏற்றிவரும் கூலர் வாகனம் எதிரே வந்து தயங்கும். பள்ளிக்கூடப் பிள்ளைகளின் சைக்கிள்கள் நெல்லின் விளிம்பைத் தொடாமல் வரிசையாகச் செல்லும். அறுவடை இயந்திரம் வயலை ஒரே பகலில் வெட்டிக் கொட்டிவிடுகிற இக்காலத்தில், ஈரநெல்லைக் காயவைக்கத் தளம் இல்லாத விவசாயிக்கு, அரசாங்கம் அமைத்துக் கொடுத்த களம் இந்த வீதி ஒன்றுதான்.

வீதி அபிவிருத்தி அதிகார சபையின் ஏட்டில் இதன் பெயர் பரந்தன் – கரைச்சி – முல்லைத்தீவு வீதி; இலக்கம் ஏ-35. கண்டி–யாழ்ப்பாண நெடுஞ்சாலையாகிய ஏ-9 பெற்ற கீர்த்தியில் பத்திலொரு பங்கும் இதற்குக் கிட்டியதில்லை. ஆயினும் 2025 நவம்பர் இறுதியில் திட்வா புயல் இலங்கையைத் தாக்கி, நாடெங்கும் 600க்கு மேற்பட்ட உயிர்களைக் கொண்டுபோன அந்த நாட்களில், கிளிநொச்சிக்கும் முல்லைத்தீவுக்கும் இடையே இந்த வீதி துண்டுபட்டபோது, அதைச் சார்ந்து ஜீவிக்கும் ஜனங்களின் நிலை என்னவென்பதை நாட்டின் ஏனைய பாகங்களும் ஒரு கணம் அறிய நேர்ந்தது. இந்திய இராணுவப் பொறியியலாளர்கள் விமானத்தில் கொண்டுவந்த பாகங்களைப் பூட்டி 120 அடி நீளமான பெய்லி இரும்புப் பாலமொன்றை அமைத்தார்கள். டிசெம்பர் 23ஆம் திகதி அது திறந்துவைக்கப்பட்டது. போக்குவரத்து மீண்டது. ஆனால் வீதி ஏன் அறுந்தது என்ற கேள்வி அந்தப் பாலத்தின் கீழே அப்படியே இருக்கிறது.

■ வீதி ஏடு

நீளம்: ஏறத்தாழ 52 கிலோமீற்றர்.
தொடக்கம்: ஏ-9 வீதியில் பரந்தன் சந்தி. மேற்கே திரும்பினால் பூநகரி. கிழக்கே திரும்பினால் முல்லைத்தீவு.
வழியிலும் அயலிலும்: முரசுமோட்டை, கண்டாவளை, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், வள்ளிபுனம், தேவிபுரம், புதுக்குடியிருப்பு, முள்ளிவாய்க்கால், வட்டுவாகல்.
கடக்கும் நீர்கள்: கனகராயன் ஆறு, நெத்தலி ஆறு, குளங்களின் வான்பாயும் வாய்க்கால்கள், முடிவில் நந்திக்கடல் முகத்துவாரம்.
மாவட்டங்கள்: கிளிநொச்சி, முல்லைத்தீவு.

ஆறு வடக்கே, வீதி கிழக்கே

வன்னிப் பெருநிலத்தின் சரிவை அறிந்தவர்களுக்கு இவ்வீதியின் துன்பம் உடனே விளங்கும். வவுனியா வடக்கின் காடுகளில் பிறக்கும் கனகராயன் ஆறு வடக்கு நோக்கி ஓடி, இரணைமடுவில் தேங்கி, அங்கிருந்து வான்பாய்ந்து கண்டாவளைப் பக்கத்து வயல்களினூடே இறங்கிக் கடலேரியில் விழுகிறது. கல்மடுக் குளத்தின் தண்ணீரை வாங்கிக்கொண்டு நெத்தலி ஆறும் அவ்வண்ணமே சுண்டிக்குளக் களப்பைத் தேடிப் போகிறது. தெற்கிலிருந்து வடக்கே செல்லும் இந்த நீர்வழிகள் எல்லாவற்றையும் மேற்கிலிருந்து கிழக்கே செல்லும் ஏ-35 குறுக்கே வெட்டுகிறது. கிழக்கு அந்தத்திலோ, பேராற்றையும் பிற சிற்றாறுகளையும் வாங்கி நிரம்பும் நந்திக்கடல் கடலோடு கலக்கும் வாயின் மேலாகவே வீதி முல்லைத்தீவை அடைய வேண்டியிருக்கிறது.

ஆகையால் இது பாலங்களாலும் மதகுகளாலும் வாழும் வீதி. மேற்பரப்பு எவ்வளவு வழுவழுப்பாக இருப்பினும், கீழே தண்ணீர் போவதற்கு வழி குறுகியிருந்தால் மழை அதைத் தன் வழியில் உடைத்துக்கொண்டு போகும். 2018 டிசெம்பரில் இரணைமடுவின் வான்கதவுகள் திறக்கப்பட்டபோது, கண்டாவளையும் முரசுமோட்டையும் ஒரே இரவில் வெள்ளக்காடாயின. குடும்பங்கள் பாடசாலைகளில் தஞ்சம் புகுந்தன. கதவுகள் திறந்த நேரம் பற்றிய விசாரணைகள் பின்னர் நடந்தன. கதவு திறந்த நேரத்தைப் பற்றி அவ்வளவு விவாதித்த நாம், திறந்துவிட்ட நீர் வீதியைக் கடந்து போகும் அகலத்தைப் பற்றி அதில் பாதியாவது விவாதித்திருக்க வேண்டும் என்பது எனது துணிபு.

காட்டுப்பாதையிலிருந்து காப்பெற் வீதி வரை

முல்லைத்தீவு பழைய துறைமுகம். ஒல்லாந்தரும் பின் ஆங்கிலேயரும் அங்கே கோட்டை வைத்திருந்தார்கள். 1803 ஆகஸ்ட் 25இல் பண்டார வன்னியன் அந்தக் கோட்டையைத் தாக்கிக் கைப்பற்றியதும், அதே ஆண்டு ஒக்டோபர் 31இல் கற்சிலைமடுவில் கப்டன் வொன் டிறிபேர்க்கினால் தோற்கடிக்கப்பட்டதும் இப்பிரதேசத்தின் பிள்ளைகள் முதலாவதாகக் கற்கும் சரித்திரம். அதன்பின் நூறாண்டு காலம் வன்னி, வெள்ளைக்கார உத்தியோகத்தர்களின் அறிக்கைகளில் காய்ச்சலும் காடும் நிறைந்த சூனியப் பிரதேசமாகவே வர்ணிக்கப்பட்டது. ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னிப் பிரிவுகள் பற்றிய பெருநூலில், பாழடைந்த குளங்களுக்கும் சுருங்கிப்போன கிராமங்களுக்கும் கொடுக்கப்பட்டுள்ள இடத்தைப் பார்த்தாலே, குளமின்றி வன்னியில் குடியில்லை என்பது தெளிவாகும்.

1905இல் வடக்குப் புகையிரதப் பாதை காங்கேசன்துறை வரை பூர்த்தியாயிற்று. 1920இல் இரணைமடு நிறைவெய்தியது. 1930களில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து நிலமற்றோரைக் கொண்டுவந்து கிளிநொச்சியில் குடியேற்றினார்கள். அதுவரை ஒரு குளத்துக் கிராமத்தையும் அடுத்த குளத்துக் கிராமத்தையும் இணைத்த வண்டிப்பாதையாய் இருந்தது, நெல்லையும் மீனையும் மரத்தையும் புகையிரதத்துக்குக் கொண்டுசேர்க்கும் வீதியாயிற்று. 1950களில் ஆனையிறவு உப்பை ஆதாரமாகக் கொண்டு எரிசோடாவும் குளோரீனும் செய்யும் இரசாயனத் தொழிற்சாலை பரந்தனில் எழுந்தது. 1980களின் நடுவில் யுத்தம் அதை நிறுத்திவிட்டது.

விசுவமடுவின் கதை வேறு விதமானது. இவ்வீதியில் எனக்கு மிகவும் பிரியமானதும் அதுவே. 1960களின் பிற்பகுதியில், படித்துவிட்டு வேலையின்றியிருந்த வாலிபருக்கு நிலம் கொடுக்கும் அரசாங்கத் திட்டம் முத்தையன்கட்டிலும் விசுவமடுவிலும் ஆரம்பமாயிற்று. க.பொ.த. சித்தியெய்தி எழுதுவினைஞர் உத்தியோகத்துக்காகக் காத்திருந்தவர்கள் காட்டுக்குள் கொட்டில் போட்டு, நுளம்பையும் யானையையும் சமாளித்து, மிளகாயும் வெங்காயமும் நட்டார்கள். 1970இல் பதவிக்கு வந்த சிறிமாவோ பண்டாரநாயக்க அரசாங்கம் உபஉணவுப் பொருட்களின் இறக்குமதியைக் கட்டுப்படுத்தியபோது அவர்களுடைய செத்தல் மிளகாய்க்கு விலை ஏறியது. தோட்டக்காரன் கல்வீடு கட்டினான். லொறிகள் இரவில் கொழும்புக்குப் புறப்பட்டன. 1977க்குப் பின் திறந்த பொருளாதாரம் வந்து அந்த விலையை விழுத்தியது. உழைப்பவனுடைய செல்வம் நிலத்தில் மாத்திரம் தங்கியிருப்பதில்லை, தலைநகரில் இடப்படும் கையெழுத்திலும் தங்கியிருக்கிறது என்பதை விசுவமடு அவ்வாறு அனுபவித்து அறிந்தது.

அதே காலத்தில், 1958இனதும் 1977இனதும் வன்செயல்களுக்குத் தப்பியும், 1970களின் நடுவில் தேயிலைத் தோட்டங்களைத் தாக்கிய பஞ்சத்துக்குத் தப்பியும் மலையகத்திலிருந்து வந்த குடும்பங்கள் தருமபுரம் முதலிய இடங்களில் காடு வெட்டிக் குடியமர்ந்தன. இவர்கள் வந்தபோது குளத்தண்ணீர் பாயும் வயல்கள் ஏற்கெனவே பங்கிடப்பட்டுவிட்டன. கிடைத்தது மேட்டுநிலம், அதற்கும் பலரிடம் உறுதி இல்லை. கிளிநொச்சியின் வயல்களில் நாட்கூலிக்கு இறங்கி நெல்லை விளைவித்த கைகளில் பெரும்பங்கு இவர்களுடையது. வீதியின் வடபுறத்தில் ஒரு வாழ்வும் தென்புறத்தில் ஒரு வாழ்வுமாக, வாய்க்கால் எட்டும் நிலத்துக்கும் எட்டாத நிலத்துக்கும் இடையிலான வேற்றுமை இன்றும் அழியவில்லை.

2009: கிழக்கு நோக்கி மட்டும் திறந்திருந்த வழி

2009 பிறந்த வேளையில் பரந்தனும், ஜனவரி 2இல் கிளிநொச்சியும் அரசாங்கப் படைகளின் வசமாயின. மன்னாரின் மடுப் பக்கத்திலிருந்து பல மாதங்களாக இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வந்த மக்களும், கிளிநொச்சியின் மக்களும், குடாநாட்டிலிருந்து முன்பு வந்தவர்களும் ஒன்றாகச் சேர்ந்து போகக்கூடிய பாதை ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. லாண்ட்மாஸ்ரர் பெட்டியில் கதிரையும் தகரமும் தண்ணீர்க் குடமும் ஏற்றி, அவற்றின்மேல் கிழவியையும் குழந்தையையும் இருத்தி, சைக்கிளில் அரிசி மூட்டையைக் கட்டி உருட்டிக்கொண்டு, தருமபுரத்திலிருந்து விசுவமடுவுக்கும், விசுவமடுவிலிருந்து உடையார்கட்டுக்கும் ஜனங்கள் நகர்ந்தார்கள். முன்னால் போனவர்கள் பதுங்குகுழி வெட்டி இரண்டு நாள் இருப்பதற்குள் அதை விட்டு அடுத்த இடத்தில் வெட்ட வேண்டியிருந்தது. கூரைத் தகரம்தான் வீடு. அதைக் கழற்றி ஏற்றிச் செல்லும்வரை குடும்பம் ஒன்று இருந்தது.

ஜனவரி மூன்றாம் வாரத்தில், இவ்வீதியை எல்லையாகக் கொண்டு, உடையார்கட்டுச் சந்தியிலிருந்து கிழக்கே ஏறத்தாழ 35 சதுர கிலோமீற்றர் பரப்பை அரசாங்கம் பாதுகாப்பு வலயமாகப் பிரகடனம் செய்தது. ஐக்கிய நாடுகளின் உணவு வாகனத் தொடரோடு வந்து திரும்பமுடியாமல் நின்ற ஊழியர்கள், சுதந்திரபுரத்தில் வீதியோரமாக முகாமிட்டார்கள்; அவர்களைச் சூழப் பெருந்தொகையான ஜனங்கள் கூடினார்கள். ஜனவரி 23, 24ஆம் திகதிகளில் அந்த இடத்தின்மீது எறிகணைகள் வீழ்ந்ததையும், உணவு வழங்கும் நிலையத்தில் மக்கள் மடிந்ததையும் ஐ.நா. செயலாளர் நாயகத்தின் நிபுணர் குழு 2011இல் வெளியான தன் அறிக்கையில் விபரமாகப் பதிந்திருக்கிறது. அதிலிருந்து சிறிது தூரத்திலுள்ள வள்ளிபுனத்தில்தான், 2006 ஆகஸ்ட் 14இல் செஞ்சோலை வளாகத்தின்மீது விமானப்படை குண்டு வீசியதில் 50க்கு மேற்பட்ட பள்ளி மாணவியர் உயிரிழந்திருந்தார்கள். வீதியில் அடுத்ததாக வரும் புதுக்குடியிருப்பில், பெப்ரவரி முதல் நாட்களில் வைத்தியசாலையே தாக்குதலுக்குள்ளாகி, நோயாளரைச் செஞ்சிலுவைச் சங்கம் வெளியேற்ற நேர்ந்தது.

பெப்ரவரி 12இல் வலயம் கடற்கரைக்கு மாறியது. மே 8இல் இன்னும் சுருங்கியது. மே நடுப்பகுதியில் எஞ்சியவர்கள் வட்டுவாகல் பாலத்தின்மேல் நடந்து வெளியேறினார்கள். அரச படையினரிடம் தம் கணவனை, மகனை, மகளைக் கையளித்ததாகப் பல குடும்பங்கள் நீதிமன்றங்களில் சொல்லிவரும் இடம் அந்தப் பாலத்தின் முல்லைத்தீவுக் கரைதான். அருட்தந்தை பிரான்சிஸ் யோசப் அடிகளாரோடு சரணடைந்தவர்கள் பின்னர் காணப்படவில்லை. யுத்தத்தின் இறுதிக் கட்டத்தில் இறந்த பொதுமக்கள் 40,000 பேர் வரை இருக்கலாம் என்பது அதே நிபுணர் குழுவின் மதிப்பீடு. உயிர் தப்பிய ஏறத்தாழ மூன்று லட்சம் பேரும் பெரும்பாலும் செட்டிகுளத்தின் மெனிக் பாம் முகாம்களுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். அம்முகாம் 2012 செப்டெம்பரில்தான் மூடப்பட்டது.

திரும்பி வந்தவர்கள் கண்டது

கண்ணிவெடி அகற்றி முடியாமல் புதுக்குடியிருப்பின் கிழக்குப் பாகம் பலருக்குப் பிந்தியே திறந்தது. அதன்பின் வீதி அகலமாக்கப்பட்டுக் காப்பெற் இடப்பட்டது. முன்பு குண்டுங்குழியுமான பாதையில் அரைநாள் அலைந்து பரந்தன் சேர்ந்த நோயாளி இப்போது ஒரு மணித்தியாலத்தில் கிளிநொச்சி வைத்தியசாலையை அடைகிறார் என்பதை எவரும் குறைத்துச் சொல்லக் கூடாது. முல்லைத்தீவு மீன் விடியுமுன் யாழ்ப்பாணச் சந்தையிலும், அன்றிரவே கொழும்பிலும் இருக்கிறது. புதுக்குடியிருப்பின் கச்சானும் தேங்காயும் வெளிச் சந்தைக்குப் போகின்றன. 2025 செப்டெம்பர் 2ஆம் திகதி, உலக தென்னை தினத்தன்று, வடக்குத் தென்னை முக்கோணம் என்ற திட்டத்தை ஜனாதிபதி அநுர குமார திசாநாயக்க புதுக்குடியிருப்பிலேயே தொடக்கிவைத்தார்.

எனினும் நல்ல வீதி எல்லாருக்கும் ஒரே நன்மையைச் செய்வதில்லை. அது மீனை விரைவாகக் கொண்டுபோவது போலவே மணலையும் கொண்டுபோகிறது. கனகராயன் ஆற்றுப் படுகையிலும் தருமபுரத்தின் கல்லாற்றுப் பக்கத்திலும் இரவு வேளைகளில் அள்ளப்படும் மணல், டிப்பர்களில் ஏறி இந்த வீதியால்தான் வெளியேறுகிறது. ஆற்றின் படுகை தாழத் தாழக் கிணற்றின் நீர் இறங்குகிறது. கரை இடிந்து வயல் ஆற்றுக்குள் விழுகிறது. பாலத்தின் தூண்களைச் சூழ்ந்துள்ள மண்ணும் அரிக்கப்படுகிறது. வீட்டுக்கடன் கொடுத்து வீடு கட்டச் சொன்னபோது மணல் வேண்டியிருந்தது உண்மை. ஆனால் அந்தத் தேவை தீர்ந்த பின்னும் வேட்டை நிற்கவில்லை. இதைத் தட்டிக்கேட்ட கிராமத்தவர் அச்சுறுத்தப்படுவதும், டிப்பர் மோதிச் சைக்கிளில் சென்றவர் மாய்வதும் வன்னிப் பத்திரிகைச் செய்திகளில் ஓயாமல் வருகின்றன.

பெண்களின் நிலை தனியாகச் சொல்லத்தக்கது. யுத்தம் கணவரைக் கொண்டுபோன வீடுகள் இவ்வீதியின் இருமருங்கிலும் ஏராளம். வீதி வந்தவுடன் முதலில் வந்தவர்களில் நுண்கடன் நிறுவனங்களின் மோட்டார் சைக்கிள்காரரும் உண்டு. கோழி வளர்க்கவும் கடை போடவும் என்று வாங்கிய பணம், வாரந்தோறும் தவணை கேட்டு வாசலுக்கு வரும் கடனாய் மாறியது. ஆடைத் தொழிற்சாலைப் பஸ்ஸுக்காக அதிகாலை இருளில் சந்திகளில் காத்துநிற்கும் இளம்பெண்களில் பலர் தாயின் தவணையைக் கட்டுவதற்காகவே ஏறுகிறார்கள். வயல் வேலைக்கு ஆள் கிடைக்கவில்லை என்று முரசுமோட்டைக்காரர் குறைப்படும்போது, வயலில் பெண்ணுக்கு ஆணைவிடக் குறைந்த கூலி கொடுத்த வழக்கத்தையும் அவர்கள் நினைவுகூர வேண்டும்.

நிலமும் முழுதாகத் திரும்பவில்லை. 2017 ஜனவரி 31இல் பிலக்குடியிருப்பு மக்கள் விமானப்படை முகாமின் வாசலில் குந்தி, இரவும் பகலும் அசையாதிருந்து, மார்ச் 1இல் தம் காணிக்குள் காலடி வைத்தார்கள். அதே மார்ச் 8இல் காணாமல் ஆக்கப்பட்டோரின் தாய்மார் முல்லைத்தீவில் தொடங்கிய போராட்டத்துக்கு அவ்வாறான முடிவு கிட்டவில்லை. வட்டுவாகலில் கடற்படைத் தளம் அமைந்துள்ள 617 ஏக்கரை அளப்பதற்கு நில அளவையாளர் வந்தபோதெல்லாம் காணிக்காரர் வீதியில் இறங்கித் தடுத்திருக்கிறார்கள்.

■ களப்பும் கடலும்

நந்திக்கடலுக்கும் பெருங்கடலுக்கும் இடையில் வட்டுவாகலில் மணற்றிட்டு ஒன்று உண்டு. கோடையில் அது வாயை அடைத்துவிடும். மாரியில் களப்பு நிரம்பி வயலுக்குள் நீர் ஏறத் தொடங்கும்போது திட்டை வெட்டி முகத்துவாரத்தைத் திறந்துவிடுவது வழக்கம். முந்தி வெட்டினால் இறால் குஞ்சு வளருமுன் கடலுக்குப் போய்விடும் என்பது மீன்பிடிப்போர் கவலை; பிந்தினால் நெல் அழுகும் என்பது விவசாயிகள் கவலை. வெட்டும் நாளை இரு சாராரும் அதிகாரிகளோடு கூடித் தீர்மானிக்க வேண்டியிருக்கிறது.

வட்டுவாகலில் என்ன கட்டப்போகிறோம்?

பழைய வட்டுவாகல் பாலம் ஒருவழிப் பாதை. ஒரு பக்கத்து வாகனம் நின்று மறுபக்கத்ததற்கு இடம்விட வேண்டும். கைபிடிச் சுவர் சிதைந்து, தளம் பொள்ளல் விழுந்து, நீர் மட்டத்துக்குச் சற்று மேலாகக் கிடந்த அந்தப் பாலத்தை, காப்பெற் வீதி போட்ட காலத்திலும் ஒருவரும் தொடவில்லை. 52 கிலோமீற்றர் வீதியின் முகத்தை அழகாக்கியவர்கள் அதன் குரல்வளையை அப்படியே விட்டுவிட்டார்கள் என்றே சொல்ல வேண்டும். மாரியில் நந்திக்கடல் நிரம்பும்போது வெள்ளம் அதன்மேல் ஏறும். ஊழியரும் மாணவரும் கரையில் நிற்பார்கள். இறால் காலத்தில் அதே பாலத்தின் இரு ஓரத்திலும் வீச்சுவலைக்காரரும் இறால் வாங்க வந்தவர்களும் நெருங்கி நிற்க, வாகனங்கள் அங்குலம் அங்குலமாக நகரும்.

2025 செப்டெம்பர் 2ஆம் திகதி, தென்னை முக்கோணம் தொடங்கிய அதே நாளில், புதிய பாலத்துக்கான வேலையும் ஜனாதிபதியால் ஆரம்பித்துவைக்கப்பட்டது. மூன்று மாதம் நிறையுமுன் திட்வா வந்தது. வட்டுவாகலில் வெள்ளம் ஏறிப் போக்குவரத்து நின்றது. தெற்கே கொக்கிளாய் வீதியிலுள்ள நாயாற்றுப் பாலமும் உடைந்தது. மேற்கே பரந்தன் பக்கத்திலும் ஏ-35 அறுந்தது. முல்லைத்தீவுப் பட்டினத்துக்கு வடக்கும் தெற்கும் ஒருங்கே அடைபட்டன. நவம்பர் 27ஆம் திகதி, விசுவமடு, தேராவில் துயிலும் இல்லங்களில், யுத்தத்தில் மடிந்த தம் பிள்ளைகளுக்கு விளக்கேற்ற வந்த பெற்றோர், புயல் மழையிலேயே வீடு திரும்பினார்கள்.

பெய்லி பாலம் அவசர காலத்துத் தற்காலிக ஏற்பாடு. அதைத் தந்தவர்களுக்கு நன்றி செலுத்துவதோடு, அந்த இடத்தில் நிரந்தரப் பாலம் எப்போது, எத்தனை மீற்றர் வாயகலத்தோடு எழும் என்பதை வீதி அபிவிருத்தி அதிகார சபை கிராமத்தவருக்கு எழுத்தில் சொல்ல வேண்டும். இரணைமடுவும் கல்மடுவும் ஒரே இரவில் வான்பாய்ந்தால் வரக்கூடிய நீரின் அளவை நீர்ப்பாசனத் திணைக்களம் அறியும். அந்தக் கணக்கை வீதிப் பொறியியலாளரின் மேசைக்குக் கொண்டுபோய், ஏ-35இன் ஒவ்வொரு மதகையும் அதற்கு ஈடாக அளந்து பார்க்கும் வேலை இரு காரியாலயங்களும் கூடிச் செய்ய வேண்டியது. வட்டுவாகலில், தூண்களுக்கு இடையில் விடப்படும் வெளி முகத்துவாரத்தின் ஓட்டத்தை மாற்றக்கூடியதாகையால், வலை வீசுவோரின் சங்கத்தையும் வற்றாப்பளைப் பக்கத்து வயற்காரரையும் வேலை முடியுமுன்னரே அழைத்துக் கேட்க வேண்டும். வலை வீசுவதற்கும் இறால் விற்பதற்கும் வாகனம் போகும் தளத்துக்கு வெளியே நடைமேடை ஒன்று அமைத்தால், அங்கு நிகழும் விபத்துகளில் பாதி குறையும். பரந்தன் பக்கத்தில், கரைச்சிப் பிரதேச சபை நெல் உலர்த்தும் தளங்களைக் கமக்காரர் அமைப்புகளோடு சேர்ந்து அமைக்கலாம். அதற்குத் தேவையான அரச காணி வாய்க்கால் ஓரங்களில் உண்டு. ஐப்பசியில் வாடைக்காற்று திரும்பும். மணற்றிட்டை வெட்டும் நாளைக் குறிப்பதற்கான கூட்டம் கூடும்போது, புதிய பாலத்தின் வரைபடமும் அந்த மேசையில் விரிக்கப்படட்டும்.